தலை சுற்றும், கூடமும் சுற்றும்: கான்ட்ரா நடன மாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில், கனெக்டிகட் ஆற்றை ஒட்டிய சிற்றூர்களில், சனிக்கிழமை மாலை என்றால் பலருக்குக் கான்ட்ரா நடனம்தான். வேலைக்காக இங்கே வந்த நான் ஒன்பது வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அடுத்த வாரம் நானும் வரட்டுமா என்று கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: தலை சுற்றாதா? சுற்றும். அந்தச் சுற்றலைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுக்க.

கான்ட்ரா என்பது என்ன மாதிரி நடனம்?

ஒரு மரத்தரைக் கூடம். ஒரு முனையில் மேடை. மேடையில் ஒரு வயலின், ஒரு பியானோ, பெரும்பாலும் ஒரு கிதாரோ மாண்டலினோ. மேடையிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரண்டு நீள வரிசைகள் முகம் பார்த்து நிற்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஜோடிகள் கைகோத்து நால்வர் கூட்டமாகப் பிரியும். அந்த நால்வருக்குள் ஒரு நடனம் நடக்கும். மெட்டு ஒருமுறை முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்கும். மறுபடி அதே நடனம், வேறு முகங்களோடு. பாதி ஜோடிகள் மேடையை நோக்கி நகரும், மீதி ஜோடிகள் மேடையை விட்டு விலகி நகரும். வரிசையின் முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, பக்கம் மாறி, வந்த வழியே திரும்பும்.

என்ன செய்ய வேண்டும் என்பதை மேடையில் ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரை அழைப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். இசை தொடங்குமுன் ஒருமுறை, சில நேரம் இரண்டுமுறை, எல்லோரையும் நடக்கவிட்டுக் காட்டுவார். இசை தொடங்கிய பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கணம் முன்னால் அதன் பெயரைச் சொல்வார். ஐந்தாறு சுற்று ஆனதும் சொற்களைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விடுவார். அதற்குள் நடனம் உங்கள் கால்களுக்கு வந்திருக்கும்.

வேர் இங்கிலாந்தில். 1651-ல் ஜான் பிளேஃபோர்டு லண்டனில் அச்சிட்ட நடனப் புத்தகத்திலேயே இப்படி நீள வரிசையில் ஆடும் நாட்டுப்புற நடனங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டபோது பெயர் கொஞ்சம் மாறியது. குடியேறியவர்களோடு அமெரிக்காவின் வடகிழக்கு மூலைக்கு வந்த நடனம், மற்ற இடங்களில் மங்கிய பிறகும் நியூ ஹாம்ப்ஷயர் மலைக்கிராமங்களில் விடாமல் பிழைத்திருந்தது. அதைப் பல பத்தாண்டுகள் அழைத்தும் கற்பித்தும் எழுதியும் காத்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ரால்ஃப் பேஜ் (1903–1985). 1960-களில் அழைப்பாளர் டட்லி லாஃப்மன் மேடையேறிய கூடங்களுக்கு இளைஞர்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் வாராவாரம் கான்ட்ரா நடக்கிறது.

ஒரு மாலையில் எத்தனை தடவை சுற்றுவோம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெட்டு 32 தாள அளவு நீளம்: எட்டெட்டாக நாலு பகுதி, மொத்தம் 64 தட்டு, தட்டுக்கு ஓர் அடி. நிமிடத்துக்கு 115 தட்டு வேகம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு முழு மெட்டு ஏறத்தாழ 33 நொடி. ஒரு நடனத்தில் அந்த மெட்டைப் பதினைந்து தடவையாவது வாசிப்பார்கள். இப்போதைய நடனங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு மெட்டுக்குள் உங்கள் ஜோடியோடு ஒரு ஸ்விங், எதிரே வந்த ஜோடியில் ஒருவரோடு, அதாவது ‘நெய்பரோடு’, ஒரு ஸ்விங். ஸ்விங் என்பது இருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்வது. ஆகவே ஒரு நடனத்துக்கு முப்பது ஸ்விங். மூன்று மணிநேர மாலையில் பத்து நடனம் என்றால் முந்நூறு. ஒவ்வொன்றிலும் மூன்று முழுச் சுற்று என்று வைத்தால் தொள்ளாயிரம்.

இதில் கைகோத்து வட்டம் போவது, நால்வரும் நடுவில் கைசேர்த்து நட்சத்திரமாகச் சுற்றுவது, ஒரு கை பிடித்துச் சுற்றும் அலமாண்ட், கைக்குக் கீழே நுழைந்து திரும்புவது எதையும் சேர்க்கவில்லை. அடிக்கணக்கு தனியாகக் கிட்டத்தட்ட பத்தாயிரம்.

உண்மையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு காதுக்கும் உள்ளே, எலும்புக்குள், மூன்று மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணத்தில் அமைந்தவை. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாயும் கூடவே திரும்பும்; திரவம் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கிய திரவம் ஒரு கூழ்போன்ற தடுப்பை வளைக்க, அதிலிருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் சேதி அனுப்பும். சுற்றல் நீடித்தால் திரவம் குழாயின் வேகத்தை எட்டிப்பிடிக்கும், சேதி தேயும். சட்டென்று நின்றால்தான் சிக்கல். சொம்பில் தண்ணீரைச் சுழற்றிவிட்டுச் சொம்பைப் பிடித்து நிறுத்தினால் தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அப்படி. ஓடும் திரவம் தடுப்பை எதிர்ப்பக்கம் வளைக்கும். நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். காது மட்டும் ‘மறுபக்கம் சுற்றுகிறோம்’ என்று அடித்துச் சொல்லும். கண்ணும் அதை நம்பி ஒரு பக்கமாக நழுவி நழுவி வெட்டித் திரும்பும். கூடம் முழுக்கத் தட்டாமாலை சுற்றும்.

கான்ட்ராவில் ஒரு ஸ்விங் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு நொடி, எப்போதாவது எட்டு. தனியாக எடுத்தால் அது பெரிய சுழற்சி அல்ல. ஆனால் ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். ஒரு நடனம் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் நிற்க இடமில்லை. அதனால் மூன்றாவது நாலாவது சுற்றில் ஒரு மிதப்பு ஏறும். காய்ச்சல் நேரத்துக் கிறுகிறுப்பு போல அல்ல அது. ராட்டினத்தில் இறங்குமுகம் வரும் நொடியில் வயிற்றில் ஒன்று ஏறுமே, அதற்கு நெருக்கமானது.

அப்படியென்றால் ஆடுகிறவர்கள் ஏன் விழுவதில்லை?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக.

முதல் நாள் எனக்கு இது தெரியாது. மூன்றாவது நடனத்தில், கால் சரியாகப் போகிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஸ்விங் ஆடினேன். நின்றதும் கூடம் நிற்கவில்லை. தோளைப் பிடித்து யாரோ சுவரோர பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, வெள்ளைப் பின்னல், காலில் பழைய தோல் காலணி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். “தரையைப் பார்த்தீர்கள் இல்லையா? அடுத்த நடனத்துக்கு என்னோடு வாருங்கள். என் முகத்தை மட்டும் பாருங்கள்” என்றார். போனேன். அவர் மெதுவாகச் சுற்றவில்லை. என்னைவிட வேகமாகத்தான் சுற்றினார். ஆனால் அவர் முகம் அசையவே இல்லை. பின்னால் சுவர், விளக்கு, மனிதர்கள் எல்லாம் வண்ணக் கோடுகளாக இழுபட்டுப் போக, நடுவில் ஒரு முகம் மட்டும் நிலைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்விங் முடிந்தது. கூடமும் கிட்டத்தட்ட உடனே நின்றது.

காரணம் எளியது. இருவரும் சேர்ந்து சுழலும்போது, உங்களோடு சேர்ந்தே சுழல்வதால் உங்களுக்கு அசையாமல் தெரியும் ஒரே பொருள் எதிரே இருப்பவரின் முகம். அசையாத ஒன்றைக் கண் கெட்டியாகப் பற்றிக்கொண்டால், காதின் சேதி கண்ணை இழுத்தடிப்பது அடங்கும். பாலே ஆடுபவர்கள் தனியாகச் சுற்றும்போது தூரத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, உடம்பு திரும்பிய பிறகு தலையை வெட்டித் திருப்பி மறுபடி அந்தப் புள்ளிக்கே வருவார்கள். அவர்களுடைய புள்ளி சுவரில் இருக்கிறது. நம்முடையது எதிரே நின்று நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தரையைப் பார்ப்பது ஏன் இவ்வளவு கெடுதல் என்பதும் காதுக்குள்தான் இருக்கிறது. சுழலும்போது தலையைக் குனிந்தால், அதுவரை அமைதியாக இருந்த வேறொரு குழாய் திடீரென்று சுழற்சித் தளத்துக்குள் வந்துவிடும். நீங்கள் போகாத ஒரு திசையில் போவதாக மூளைக்குச் சேதி போகும். குமட்டல் அங்கிருந்துதான் ஆரம்பம். தலை நிமிர்ந்தே இருக்கட்டும், கால் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

முன்பின் தெரியாதவர் கண்ணை எப்படிப் பார்ப்பது?

என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுகிற கேள்வி இது. நம் பழக்கத்தில் ஒருவர் கண்ணை நேருக்கு நேர் ஆறு நொடி பார்த்தோமானால், ஒன்று சண்டை, இல்லையென்றால் காதல். இங்கே இரண்டும் இல்லை. ஒரு மெட்டு முடிந்தால் அவர் அடுத்தவரிடம், நீங்கள் அடுத்தவரிடம். எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது நடனத்திலேயே புரிந்துவிடும்.

கூச்சம் தீரவில்லையா? காதைப் பாருங்கள். தோடு போட்டிருந்தால் இன்னும் வசதி. நெற்றி, மூக்கு நுனி, கண்ணாடிச் சட்டம், சட்டைக் காலர் எதுவானாலும் சரி. அது அவரோடு சேர்ந்து சுழல வேண்டும், அவ்வளவுதான். பல வருடம் ஆடியும் காதை மட்டுமே பார்ப்பவர்கள் உண்டு, அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணைப் பற்றிய இன்னோர் அசைவும் உண்டு. இருவர் கை தொடாமல், வலது தோளும் வலது தோளும் பக்கம்வர, ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரு சுற்று நடந்து வருவது. முன்னாளில் அதற்கு ‘ஜிப்சி’ என்று பெயர். ரோமா மக்களை இழிவாகச் சுட்டும் சொல் என்பதால் அதைக் கைவிட்டு, இப்போது ‘வலத்தோள் சுற்று’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். வேகமே இல்லாத இந்தச் சுற்றில் எனக்குச் சில நாள் ஸ்விங்கைவிட அதிகமாகத் தலை சுற்றியிருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கை இல்லை, பார்வை மட்டும்தான். அது முடிந்து அப்படியே ஸ்விங்குக்குள் இழுபடும் கணத்துக்காகவே சில நடனங்களுக்கு நான் ஓடிப்போய் வரிசையில் நிற்பேன்.

ஸ்விங்கில் கால் எப்படி வைப்பது?

நடந்தே சுற்றலாம். முதல் மாலைக்கு அது போதும்.

பழகியவர்கள் வைப்பது ‘பஸ் ஸ்டெப்’. இருவரும் இடுப்பளவு இடதுபக்கம் ஒதுங்கி, வலது பாதங்களின் வெளி ஓரம் அருகருகே வருமாறு நிற்பார்கள். வலது கால் நடுவில் அச்சு. இடது கால் தள்ளிக்கொண்டே வரும். சின்னப் பிள்ளைகள் ஒரு காலை மேலே வைத்து ஒரு காலால் தள்ளி ஓட்டுகிற ஸ்கூட்டர் நினைவிருந்தால் கால் தானாக வந்துவிடும். குதிக்கக் கூடாது. தலை ஒரே உயரத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

‘எடை கொடு’ என்று சொல்கிறார்களே?

பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பேர் கைகளைக் குறுக்காகக் கோத்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, பின்னால் சாய்ந்து தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விட்டால் இருவரும் விழுவோம், விடாதவரை இருவரும் விழமாட்டோம் என்ற அந்த இழுவிசைதான் இங்கே எடை. சுழற்சி உங்களை வெளியே எறியப் பார்க்கும். நீங்கள் முதுகின் மேல்பகுதியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அவர் கையில் உட்கார வேண்டும், அவரும் உங்கள் கையில். கை இடுப்பில் அல்ல, தோள்பட்டை எலும்பின் மேல்.

எடை கொடுக்காமல் விறைப்பாக நின்றால், ஒவ்வொருவரும் தன் தன் காலில் தனியாக நிலைக்கப் பார்க்கிற இருவர் ஆகிவிடுவோம். சுற்றல் கனக்கும், தலையும் கூடுதலாகச் சுற்றும். முழுப் பாரத்தையும் எதிராளி மேல் போட்டுத் தொங்குவதும் கூடாது. அவர் முதுகு என்னாவது? நீங்கள் கொடுப்பது அவர் கொடுப்பதற்குச் சரியாக இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையோடு ஆடும்போது விரல் நுனியளவு. ஆறடிக்கு மேல் வளர்ந்த தச்சரோடு ஆடும்போது உங்களிடம் இருப்பது அத்தனையும். ஒரு வரிசையில் மேலும் கீழும் போய்வருவதற்குள் இருபது பேரோடு இருபது விதமாக இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள், யோசிக்காமலே. இந்த நடனத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வயதானவர்கள் சிலரின் ஸ்விங்கில் ஒரு துளி முயற்சியும் தெரியாது. காற்று வந்து நம்மைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டது போல இருக்கும்.

ஆண்தான் நடத்த வேண்டுமா? ஆணும் பெண்ணுமாகத்தான் ஆட வேண்டுமா?

இல்லை. ஸ்விங் முடிவில் இடப்பக்கம் நிற்பவர் ‘லார்க்’, வலப்பக்கம் நிற்பவர் ‘ராபின்’. லார்க் நம் வானம்பாடி. ராபினும் ஒரு பறவைதான். இடதுக்கும் லார்க்குக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்று, வலதுக்கும் ராபினுக்கும் ஒன்று. மறந்துபோகாமல் இருக்க அப்படி வைத்தார்கள். முன்பு ஆடவர், பெண்டிர் என்றே அழைத்தார்கள், இன்னும் அப்படியே அழைக்கும் ஊர்களும் உண்டு. எந்தப் பங்கையும் யாரும் எடுக்கலாம், நடனத்துக்கு நடனம் மாற்றலாம். இரண்டு பக்கமும் பழகினால் நல்லது என்பேன். கைக்குக் கீழே சுழற்றிவிடப்படுவது பெரும்பாலும் ராபின்தான்; ஆகையால் கிறுகிறுப்பு அதிகமான நாளில் லார்க்காக ஆடுவது ஒரு வழி.

சுழற்றிவிடுவதை மறுக்கலாமா?

தாராளமாக. கையை உயர்த்தவிடாமல் தாழ்வாக உறுதியாக வைத்திருந்தால் எதிராளிக்குப் புரியும். புரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். பின்னால் சாய்த்துப் பிடிக்கும் வேலையைக் கேட்காமல் யாரும் செய்யக்கூடாது. செய்தால் நடத்துபவர்களிடம் சொல்லுங்கள், கேட்பார்கள்.

பழைய காலத்திலும் இவ்வளவு சுற்றினார்களா?

இல்லை. எனக்கு இது வியப்பாக இருந்தது. பழைய நடனங்களில் ஒரு ஜோடி ஆடும், அருகில் நிற்கும் ஜோடிக்கு அதிக வேலை இருக்காது. அவர்களைச் சுற்றியும் இடையில் நுழைந்தும் ஆடும் ஜோடி கீழே இறங்கிக்கொண்டு போகும். நிற்பவர்களுக்குக் கதை பேச நேரம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எல்லோரும் எப்போதும் அசையும்படி, எல்லோருக்கும் ஸ்விங் கிடைக்கும்படி புதிய நடனங்களைக் கட்டினார்கள். பாஸ்டன் பக்கத்து டெட் சனெல்லா (1928–1995) அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர். இன்றைக்கு நமக்கு ஏறும் அந்த மிதப்பு ஒருவகையில் அவர்கள் தலைமுறை செய்துவைத்த ஏற்பாடு.

பழைய நடனங்களை இன்னும் விரும்பி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது ஒன்று வந்தால் நானும் விடமாட்டேன். நின்று பார்க்கவும் நேரம் கொடுக்கிற நடனம் என்பதால், பக்கத்தில் ஆடுபவர்களின் காலை அன்றுதான் ஒழுங்காகக் கவனிக்கிறேன்.

இசைக்கும் இந்த மயக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. வாசிப்பவை ஜிக், ரீல் வகை மெட்டுகள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கியூபெக் வாடை அடிக்கும். பியானோவின் இடக்கை கட்டைச் சுரத்தைப் போட, வலக்கை எதிர்த்தட்டில் கோர்வையை அடிக்கும். அந்தத் துள்ளல் தரைக்கு வந்து, தரையிலிருந்து உங்கள் முழங்காலுக்கு ஏறும். நியூ ஹாம்ப்ஷயரின் பாப் மெக்வில்லன் (1923–2014) பல பத்தாண்டுகள் இப்படிப் பியானோ வாசித்தவர். நடனத்துக்கென்றே மெட்டு மெட்டாக எழுதிக் குவித்தவர். 2002-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார்.

ஸ்விங்குக்கு முன்னால் ‘பேலன்ஸ்’ என்று ஒன்று வரும். நாலு தட்டுக்கு உள்ளே ஓர் அடி, வெளியே ஓர் அடி. கூடத்தில் நூறு பேர் ஒரே தட்டில் பாதத்தை இறக்கும்போது மரத்தரை ஒரு பெரிய மேளத்தோல்போல் அதிரும். அந்த அதிர்வு முடியும் தட்டிலேயே எல்லோரும் சுழலத் தொடங்குவார்கள். ஐந்தாறு சுற்று ஒரே மெட்டை வாசித்த குழு, சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு மெட்டுக்குத் தாவும். சுரம் ஓர் ஏற்றம் ஏறும். கூடமே ஒரு கூச்சல் போடும். அந்த நொடியில் கால் தரையில் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சுற்றலைத் தணிக்கும் அசைவு ஏதாவது உண்டா?

உண்டு. நடனத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஸ்விங் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை. இடக்கை அலமாண்ட், இடக்கை நட்சத்திரம் இரண்டும் எதிர்த்திசை. வரிசை முழுக்கக் கைகோத்து நாலடி முன்னே, நாலடி பின்னே போகும் அசைவில் சுழற்சியே இல்லை. மூச்சு வாங்க அதைவிட நல்ல எட்டுத் தட்டு கிடையாது. நால்வர் எட்டு வடிவில் ஒருவரையொருவர் ஊடறுத்துப் பின்னும் ‘ஹே’ என்ற அசைவு, பின்னல் கோலாட்டத்தில் கயிறில்லாமல் நடப்பது போன்றது. இடம் வலம் என மாறி மாறி வளைவதால் தலை தெளியும். நல்ல அழைப்பாளர் மாலை நிரலை அமைக்கும்போதே இதையெல்லாம் பார்ப்பார்: இரண்டு ஆவேச நடனத்துக்குப் பிறகு ஒரு சாந்தமானது.

நடுவில் தாங்க முடியாவிட்டால்?

நெய்பரிடம் “நடந்தே சுற்றலாமா?” என்று கேளுங்கள். இந்த வேண்டுகோளை யாரும் தட்டியதை நான் பார்த்ததில்லை. இன்னும் முடியவில்லை என்றால், உங்கள் ஜோடியோடு வரிசையின் முனைக்கு வந்ததும் இருவருமாக வெளியேறுங்கள். நட்ட நடுவில் ஒருவர் மட்டும் விலகினால் மற்ற மூவருக்கும் நடனம் உடையும். ஆனால் விழப்போகிறீர்கள் என்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், விலகுங்கள். உட்கார்ந்து, கண்ணை மூடாமல், அசையாத ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கண்ணை மூடினால் காது சொல்வதை மறுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும்.

காது நோயால் வரும் தலைசுற்றல், படுக்கையில் புரண்டாலே உலகம் சுழலும் வகை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவதே சரி.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

வழவழப்பான, மெல்லிய அடிகொண்ட காலணி, தனியாகப் பையில். ரப்பர் பிடிப்புள்ள காலணி தரையைக் கவ்வினால் முழங்கால்தான் முறுகும். வெளியே போட்டு வந்ததோடு உள்ளே இறங்கக்கூடாது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மணலும் தரையைக் கீறும், அந்தத் தரையை அவர்கள் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறார்கள். மாற்றுச் சட்டை இரண்டு. முதல் மணிநேரத்திலேயே ஒன்று நனைந்துவிடும். தண்ணீர் பாட்டில். வயிற்றில் லேசாக ஏதாவது இருக்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, முழு விருந்தும் ஆகாது. சென்ட் வேண்டாம், நெருங்கி நின்று மூச்சு வாங்குகிற இடம் அது. குடைபோல விரியும் பாவாடை அணிந்து வரும் ஆண்களையும் பார்ப்பீர்கள். காற்றோட்டமும் சுழலும்போது அது விரியும் அழகும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

எங்கே போய் ஆடலாம்?

எனக்குப் பக்கத்தில் கிரீன்ஃபீல்டில் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் கூடம். கிரேஞ்ச் என்பது 1867-ல் தொடங்கிய உழவர் சங்கம். அதன் ஊர்க்கூடங்கள் பல இன்று நடனத்தால் உயிரோடு இருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் நெல்சன் என்ற சின்னஞ்சிறு ஊரின் நகர்மன்றக் கூடத்தில் திங்கள்கிழமை நடனம். ஊரே அத்தனை சிறிது என்பதால் அங்கே போகும் இருட்டுச் சாலையே ஓர் அனுபவம்.

வாஷிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு மேரிலாந்தின் கிளென் எக்கோ பூங்கா. 1933-ல் கட்டிய ஸ்பானிஷ் பால்ரூம், 7,500 சதுர அடித் தரை, வெள்ளிக்கிழமை கான்ட்ரா. கேளிக்கைப் பூங்காவாக இருந்த அந்த இடத்தில் ஒரு காலம்வரை கருப்பின மக்களை அனுமதிக்கவில்லை. 1960 கோடையில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் உள்ளே நுழைந்து கைதானார்கள், அக்கம்பக்கத்தார் சேர்ந்துகொண்டு வாரக்கணக்கில் மறியல் செய்தார்கள். 1961-ல் கதவு எல்லோருக்கும் திறந்தது. அங்கே ஒருமுறை முகம் தெரியாத பலர் கையில் கைமாறிச் சுழன்றபோது அது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது.

முதல் நாள் வரிசையில் எங்கே நிற்பது?

நடுவில், பழகியவர்களுக்கு இடையில். புதியவர்களாகச் சேர்ந்து கடைக்கோடியில் ஒதுங்கினால் யாரும் யாருக்கும் உதவ முடியாது, முனைக்கு வந்து பக்கம் மாறும் குழப்பமும் சீக்கிரம் வந்துவிடும். நடனத்துக்கு அரைமணி நேரம் முன்பு தொடக்கப் பாடம் இருக்கும், விடாதீர்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் ஜோடி மாற்றுவதே வழக்கம்; கூட வந்தவரோடு மாலை முழுக்க ஒட்டிக்கொண்டால் இரண்டு பேரும் மெதுவாகத்தான் கற்பீர்கள்.

முடிந்து வீட்டுக்குப் போன பிறகு?

இடைவேளைக்கு முன் ஒன்றும், மாலை முடிவில் ஒன்றுமாக வால்ட்ஸ் வாசிப்பார்கள். கடைசி வால்ட்ஸில் மூன்று தட்டுத் தாளத்துக்கு மாறும்போது உடம்பு இறங்கத் தொடங்கும். உடனே வண்டியை எடுக்காதீர்கள். காலணி மாற்றி, நாற்காலி அடுக்க உதவி செய்து, வெளிக்காற்றில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புங்கள். படுத்துக் கண்ணை மூடினால் கட்டில் லேசாகக் கடிகாரத் திசையில் நகரும். அன்று பார்த்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: வெள்ளைப் பின்னல், தச்சரின் தாடி, பல் விழுந்த பையன். பயப்பட ஒன்றுமில்லை, எனக்குக் காலைக்குள் சரியாகிவிடும்.

வீட்டில் தனியாகச் சுற்றிப் பழகிவிட்டு வரலாமா?

பயனில்லை. தனியாகச் சுற்றினால் பார்க்க முகம் இல்லை, சாய்ந்துகொள்ளக் கை இல்லை. தலைசுற்றல் மட்டும்தான் மிஞ்சும். வீட்டில் இருக்கிற யாரையாவது கூப்பிடுங்கள், அம்மாவோ தம்பியோ மகளோ. வலது பாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையைத் தோள்பட்டைக்குக் கொடுங்கள். அவர் காதையாவது பாருங்கள். எட்டு எண்ணும்வரை நடந்தே சுற்றுங்கள், நிறுத்துங்கள், மறுபடி எட்டு. சோபாவை முதலில் சுவரோரமாகத் தள்ளிவிடுங்கள்.